சனிக்கிழமை நிலவறையில் இருந்தது

அன்பு மகள் கண்ணம்மாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். அமெரிக்காவில், ரிச்மண்டில் மாமா வீட்டுக்கு வந்து ஒன்பது நாளாகிறது. அத்தை எங்களை ஒரு வேலையும் செய்ய விடுவதில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. போனில் பேசும்போது இதையெல்லாம் சொல்லிவிட்டேன். இன்னொன்று மட்டும் பேச்சில் சிதறிப்போகும் என்று தோன்றியதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ ஆறாம் வகுப்பில் இருந்தபோது மாமா உறையில் வைத்து அனுப்பிய ஐந்து சென்ட் காசு நினைவிருக்கிறதா? ஒரு பக்கம் மனிதர் தலை, மறுபக்கம் தூண்களும் குவிமாடமுமாக ஒரு கட்டடம். "இது கோயிலா அப்பா?" என்று கேட்டாய். கோயில் இல்லை, அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதி தாமஸ் ஜெஃபர்சன் தனக்காகக் கட்டிக்கொண்ட வீடு என்றேன். கடந்த சனிக்கிழமை அந்த வீட்டுக்குப் போய்வந்தோம்.

வீட்டின் பெயர் மான்டிசெல்லோ. இத்தாலிய மொழியில் சிறுகுன்று என்று பொருள். ரிச்மண்டிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம் ஆனது. அடிவாரத்தில் டிக்கெட் வாங்கினால் சிறிய பஸ்ஸில் மேலே கொண்டுபோய் விடுகிறார்கள். குன்றின் உச்சியைச் சமப்படுத்திக் கட்டியிருக்கிறார். இருபத்தைந்து வயதில் தொடங்கி, இடித்தும் மாற்றியும் நாற்பது ஆண்டுகள் கட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். முகப்பில் நின்றால் மேற்கே ப்ளூ ரிட்ஜ் என்னும் மலைத்தொடர் தெரிகிறது.

உள்ளே நுழைந்தவுடன் வாசலுக்கு மேலே ஒரு பெரிய கடிகாரம். பீரங்கிக் குண்டு போன்ற இரும்பு எடைகள் கயிற்றில் தொங்கி, வாரம் முழுவதும் மெல்ல இறங்குகின்றன. சுவரில் கிழமைகளின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. எடை எந்தப் பெயருக்கு நேராக நிற்கிறதோ அன்றைக்கு அந்தக் கிழமை. ஏழு நாளுக்குச் சுவரின் உயரம் போதவில்லை. அதனால் தரையில் துளை போட்டுவிட்டார். சனிக்கிழமை நிலவறையில் இருக்கிறது! நாங்கள் போனதும் சனிக்கிழமைதான். எடை கீழே இறங்கிவிட்டிருந்தது.

அதே கடிகாரத்துக்கு வெளிப்பக்கமும் ஒரு முகம் உண்டு. உள்முகத்தில் மணி, நிமிடம், நொடி மூன்றும் ஓடுகின்றன. வெளிமுகத்தில் மணி முள் மட்டும்தான். வெளியே உழைப்பவர்களுக்கு அது போதும் என்பது அவருடைய கணக்கு. அங்கேதான் எனக்கு முதல் நெருடல் வந்தது.

அவருடைய படிப்பறையில் நெடுநேரம் நின்றேன். ஒரு பேனாவால் எழுதும்போதே இன்னொரு பேனா பக்கத்துத் தாளில் நகல் எழுதும் கருவி ஒன்று இருக்கிறது. 1814-இல் ஆங்கிலேயர்கள் வாஷிங்டனைக் கொளுத்தியதில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகமும் எரிந்தது. மறு ஆண்டு தன்னிடமிருந்த 6,487 புத்தகங்களை அரசுக்கு விற்றுவிட்டு, புத்தகமில்லாமல் வாழ முடியாது என்று மறுபடியும் வாங்கத் தொடங்கினார். இப்படிப்பட்டவரை நான் எப்படி நேசிக்காமல் இருப்பேன்? முப்பத்திரண்டு ஆண்டுகள் ஒன்பதாம் வகுப்புக்கு வரலாறு நடத்தினேன். "எல்லா மனிதர்களும் சமமாகவே படைக்கப்பட்டிருக்கிறார்கள்" என்று 1776-இல் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் அவர் எழுதிய வரியைக் கரும்பலகையில் எழுதி, எழுந்து நின்று சொல்லச் செய்வேன். என் வகுப்பில் நீயும் சொன்னாய்.

வீட்டைச் சுற்றிக் காட்டியவர் ஓர் இளம்பெண். அடிமைகள் என்று அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அடிமைப்படுத்தப்பட்ட மக்கள் என்றே சொன்னார். ஜெஃபர்சன் தன் வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்டவர்களை உடைமையாக வைத்திருந்தார். சட்டப்படி அவர் விடுதலை எழுதிக் கொடுத்தது, உயிரோடிருந்தபோது இருவருக்கு, உயிலில் ஐவருக்கு. இறந்துபோன மனைவிக்கு ஒரு தங்கை உண்டு, தந்தை ஒருவரே, தாய் வேறு. சாலி ஹெமிங்ஸ் என்ற அந்தப் பெண்ணும் அவருடைய உடைமைதான். அவள் பெற்ற பிள்ளைகளுக்கு அவரே தந்தை என்பதை 1998-இல் வந்த மரபணுச் சோதனைக்குப் பிறகு அந்த வீட்டை நடத்தும் அறக்கட்டளையே ஏற்றுக்கொண்டது.

வீட்டுக்குக் கீழே, குன்றின் சரிவை ஒட்டிச் சமையலறை இருக்கிறது. வரிசையாக வாய் வைத்துக் கட்டிய அடுப்பு, செம்புப் பாத்திரங்கள். அம்மா அங்கேயே நின்றுவிட்டாள். அங்கே சமைத்தவள் ஈடித் ஃபாசெட். ஜெஃபர்சன் ஜனாதிபதியாக இருந்தபோது அவளைப் பிரெஞ்சுச் சமையல் கற்றுக்கொள்ள வாஷிங்டனுக்குக் கொண்டுபோய்விட்டார். அவள் கணவன் ஜோசப் இங்கே கொல்லன். 1806-இல் ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் அவளைப் பார்க்க வாஷிங்டனுக்குப் புறப்பட்டுவிட்டான். போய்ச் சேர்ந்தான், பிடித்துத் திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

கண்ணம்மா, இனிமேல்தான் நான் சொல்ல வந்தது.

ஜெஃபர்சன் 1826 ஜூலை 4-ஆம் தேதி இறந்தார். விடுதலைப் பிரகடனத்துக்குச் சரியாக ஐம்பது ஆண்டுகள். இதையும் வகுப்பில் வியந்து சொல்லியிருக்கிறேன். அவர் விட்டுச்சென்ற கடன் ஒரு லட்சம் டாலருக்கும் மேல் என்பதை நான் சொன்னதில்லை. அந்தக் கடனுக்காக 1827 ஜனவரியில் வீட்டுச் சாமான்களோடும் மாடுகளோடும் சேர்த்து 130 மனிதர்களை ஏலத்துக்கு அறிவித்தார்கள். உயிலில் விடுதலை பெற்ற ஐவரில் ஜோசப்பும் ஒருவன். அவன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் விடுதலை இல்லை. தன் குடும்பம் வெவ்வேறு கைகளுக்கு விலைபோவதை அவன் பார்த்தான். மகன் பீட்டருக்கு அப்போது பதினொரு வயது.

ஜோசப் பட்டறையில் உழைத்துச் சம்பாதித்து, ஈடித்தையும் பிள்ளைகளில் சிலரையும் மீட்டுவிட்டான். பீட்டரை வாங்கியவன் மட்டும் விற்க மறுத்துவிட்டான். பீட்டர் எழுத்துப் படித்துக்கொண்டான், மற்றவர்களுக்கும் சொல்லிக் கொடுத்தான். தப்பி ஓடினான், பிடிபட்டான். 1850-இல் மறுபடியும் ஏலத்துக்கு வந்தபோதுதான் உறவினர்களும் நண்பர்களும் பணம் திரட்டி அவனை மீட்டார்கள். சின்சினாட்டியில் பெற்றோருடன் சேர்ந்தார், சமையல் தொழில் நடத்தினார், திருச்சபைப் போதகரானார். 1900-இல், எண்பதை எட்டிய பிறகு, தான் பிறந்த இந்தக் குன்றுக்கு ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

"அவன்" என்று எழுதிக்கொண்டு வந்தவன் "அவர்" என்று மாறிவிட்டேன். திருத்தப் போவதில்லை.

திரும்பும் முன் காய்கறித் தோட்டத்தில் நடந்தோம். மலைச்சரிவை வெட்டிப் படிக்கட்டாக்கிய ஆயிரம் அடி நீளத் தோட்டம். ஒரு பாத்தியில் வெண்டைச் செடி! ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்டவர்கள் வழியாக வந்த காய் என்று மாமா சொன்னார். அம்மா குனிந்து ஓர் இலையைத் தொட்டுப் பார்த்தாள். பஸ் அடிவாரம் வரும்வரை யாரும் பேசவில்லை.

நீயும் இப்போது ஒன்பதாம் வகுப்புக்குத்தான் வரலாறு நடத்துகிறாய். நான் சொல்லிக் கொடுத்தது பொய் இல்லை, அந்த வரியை இன்றும் நான் நெஞ்சில் வைத்திருக்கிறேன். ஆனால் உன் வகுப்பில் எழுந்து நின்று அதைச் சொல்லும் பிள்ளைகளுக்கு, அதே மனிதரின் சமையலறைக்குப் பக்கத்தில் வளர்ந்த பீட்டரையும் சொல்லிவிடு. ஏலத்துக்குப் போனபோது அவருக்கு என்ன வயது என்பதையும் சொல்.

அமெரிக்க விடுதலைப் போர்ப் பாடம் டிசம்பரில் வரும் என்றாயே, அதற்குள் ஊருக்கு வந்துவிடுவோம். சமையலறைப் படமும் தோட்டத்துப் படங்களும் மாமா தனியாக அனுப்புவார். அந்தக் காசு நம் வீட்டு மர அலமாரியின் இரண்டாம் தட்டில், உன் பழைய பென்சில் பெட்டிக்குள்தான் இருக்கும். எடுத்து வை.

அன்புடன்,
அப்பா