தூணில் தொங்கிய சாப்பாட்டுப் பை

அன்புள்ள தேனு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதுதான் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. உன் ஆராய்ச்சிக்காக 140 கட்டுரைகளை இறக்கி வைத்திருக்கிறாய், ஒன்றைக்கூட முழுதாகப் படிக்கவில்லை. "எனக்குப் படிக்கவே வராதுப்பா, கிணறு கிணறாகப் போய் நீர்மட்டம் அளக்கச் சொன்னால் நாள் முழுக்க அளப்பேன்" என்றாய். அம்மா பக்கத்தில் இருந்ததால் நான் வாயைத் திறக்கவில்லை. பஜ்ஜி சுற்றி வந்த தாளைக்கூட விடாமல் படிக்கிறவள் அவள். நம் கஷ்டம் அவளுக்குப் புரியாது.

உனக்கு இது என் வழியாக வந்த குணம். 1988-இல் மேலூர்ப் பக்கத்துக் கண்மாய்களை ஆராயச் சேர்ந்தபோது, ஒரு சைக்கிளும் அளவு நாடாவும் இரண்டு குயர் நோட்டும் போதும் என்று நினைத்தேன். ஒன்றரை வருஷம் கரை கரையாகச் சுற்றினேன். தண்ணீர் திறந்துவிடும் மடை, மிச்சத் தண்ணீர் வழியும் கலுங்கு எல்லாம் அளந்தேன். வயல்களுக்குத் தண்ணீர் விடும் நீர்பாய்ச்சிகளோடு உட்கார்ந்து பேசினேன். நூலகம் என்பது எனக்கு மின்விசிறிக்கு அடியில் தூங்குகிற இடம்.

அப்புறம் ஒரு அத்தியாயம் எழுதினேன். கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வரத்துக்காலை ஊர் கூடி வெட்டுகிற குடிமராமத்து, இந்தக் காலத்து ஆட்களிடம் ஒற்றுமை போனதால் நின்றுபோயிற்று என்பது என் கண்டுபிடிப்பு. கைடு நாலு பக்கம் புரட்டிவிட்டு, "1858-ஆம் வருஷத்துச் சட்டத்தைப் பார்த்தீர்களா?" என்றார். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. வழக்கப்படி செய்ய வேண்டிய மராமத்து வேலைக்கு வராதவன், அந்த உழைப்பின் மதிப்பைப் போல இரண்டு மடங்கு கட்ட வேண்டும் என்று சென்னை மாகாணத்தில் அப்போதே சட்டம் போட்டிருக்கிறார்கள். நான் பிறப்பதற்கு நூறு வருஷம் முன்னாலேயே ஆள் வராமல் இருந்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் எதற்குச் சட்டம்? என் ஒற்றுமைக் கதை அன்றே கிழிந்தது.

ஆசையில் அல்ல, வெட்கத்தில்தான் படிக்க ஆரம்பித்தேன். அந்தச் சட்டம் சில பக்கம்தான். அகராதியை வைத்துக்கொண்டு மூன்று நாள் படித்தேன். ஆனால் அதைப் படித்துவிட்டு மறுபடி ஊருக்குப் போனபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். அதுவரை என்னிடம் ஒரே நாலு விஷயத்தைத் திருப்பித் திருப்பிச் சொன்ன பெரியவரிடம், "வேலைக்கு வராதவனுக்கு அபராதம் உண்டா தாத்தா?" என்றேன். பீடியை அணைத்துவிட்டு இரண்டு மணி நேரம் பேசினார். யார் வீட்டிலிருந்து எத்தனை ஆள், யார் ஆளுக்குப் பதில் நெல் அளந்தார்கள், எந்தக் குடும்பத்துக்கு எதற்காகத் தண்ணீரை நிறுத்தினார்கள்... எல்லாம் வந்தது. "ஏன் முன்னாலேயே சொல்லவில்லை?" என்று கேட்டால், "நீ கேக்கலையேப்பா" என்கிறார்.

இன்னொன்று. கல்வெட்டுத் துறையின் ஆண்டறிக்கைகள் 1887-லிருந்து வருகின்றன. அதைவிட வறண்ட படிப்பு உலகத்தில் இல்லை. ஊர், கல் இருக்கிற இடம், அரசன், ஆட்சியாண்டு, இரண்டு வரிச் சுருக்கம் என்று பக்கம் பக்கமாக அட்டவணை. தூக்கத்தை விரட்ட ஸ்கேலை வைத்து வரிவரியாகப் போனேன். ஒரு வரியில் என் கண்மாய்! உள்ளே நிற்கும் குமிழித்தூம்பின் (தண்ணீரை வெளியே விடும் பழைய மதகு) தூணில் எழுத்து இருப்பதாகப் போட்டிருந்தது. மறுநாளே சைக்கிளை மிதித்தேன். கோடையில் கண்மாய் வற்றிக் கிடந்தபோதெல்லாம் நான் சாப்பாட்டுப் பையை மாட்டி வைத்த தூண் அது. ஒரு முழுக் கோடை அதன் நிழலில் தயிர்சாதம் தின்றிருக்கிறேன் தேனு, ஒரு எழுத்துகூடக் கண்ணில் படவில்லை. இத்தனைக்கும், உத்திரமேரூர்க் கல்வெட்டில் வரும் ஏரி வாரியத்தை, அதாவது ஏரியைக் கவனித்த குழுவை, பள்ளிக்கூடத்தில் இரண்டு மார்க்குக்கு மனப்பாடம் செய்தவன்தான் நான்.

இன்றைக்கும் நாவலை எடுத்தால் மூன்றாம் பக்கத்தில் குறட்டைதான். அது மாறவில்லை, மாறும் என்று உனக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் கையில் ஒரு கேள்வி இருந்தால் படிக்க முடிகிறது. உன் 140-ஐயும் படிக்காதே. கண்மாய்த் தண்ணீர் நிலத்துக்குள் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பதுதானே உன் வேலை? அதை யாராவது உன்னைப் போலக் கிணற்றை வைத்து அளந்திருக்கிறார்களா என்று மட்டும் தேடு. முடிவுரையை முதலில் பார், அப்புறம் எப்படி அளந்தார்கள் என்பதைப் பார். பிடித்தால் முன்னுரைக்கு வா. மூடி வைத்துவிட்டு உன் வார்த்தையில் ஒரு வரி எழுது. அந்த வரி வராவிட்டால் படிக்கவில்லை என்று அர்த்தம். கட்டுரையைச் சுருக்கித் தரும் செயலி பற்றிச் சொன்னாய். சரி, எதை விடலாம் என்று தெரிய அது உதவும். ஆனால் என் தூணை எந்தச் சுருக்கமும் காட்டியிருக்காது; அது அட்டவணையின் நடுவில் ஒரு வரி.

அம்மா முறுக்கு அனுப்புகிறாள். டப்பாவுக்கு அடியில் பழுப்பு உறையில் அந்த 1858 சட்டத்தின் ஜெராக்ஸ் இருக்கிறது. ஓரமெல்லாம் என் பென்சில் கிறுக்கல். இரண்டாம் பக்கத்தில் ஒரே வார்த்தைக்கு மூன்று தடவை அர்த்தம் எழுதியிருப்பேன், சிரிக்காதே. அடுத்த ஞாயிறு போன் செய்யும்போது நீ எழுதிய ஒரு வரியை வாசித்துக் காட்டு.

அப்பா