டி.ஜே. என்றால் ஸ்பீக்கர் பெட்டியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் மாவட்டப் பக்கத்தில் ‘கோயில் கொடையில் டி.ஜே. பறிமுதல்’ என்று ஒரு செய்தி. படத்தில் இருந்தவை டிராக்டர் டிரெய்லரில் அடுக்கிவைத்த பாக்ஸ் ஸ்பீக்கர்கள். டி.ஜே. என்பவர் விழாக்களில் கூட்டத்துக்குத் தகுந்த மாதிரி பாட்டுப் போடுகிற ஆள். ஆளைக் கைதுதான் செய்ய முடியும், பறிமுதல் செய்ய முடியாது.

சின்ன விஷயம் என்று நீங்கள் நினைக்கலாம். என் தங்கை மகன் சனி, ஞாயிறுகளில் டி.ஜே. வேலைக்குப் போகிறவன். செய்தி வந்த மறுநாளே ஒரு கல்யாண மண்டபத்தில் அவனுடைய புக்கிங்கை ரத்து செய்துவிட்டார்கள். நான் போய்க் கேட்டேன். மேலாளர் உங்கள் பத்திரிகையை விரித்துக் காட்டி, “டி.ஜே.வுக்குத்தான் தடையாமே” என்றார். ஒலி மாசு விதிகள் 2000-ஆம் ஆண்டிலிருந்து இருக்கின்றன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது. இதெல்லாம் சத்தத்துக்கு உள்ள அளவு. மூடிய மண்டபத்துக்குள் ஒன்பது மணிக்கே முடிகிற வரவேற்பில் ஒருவன் பாட்டுப் போடுவதை எந்த விதியும் தடுக்கவில்லை. மேலாளர் இதைக் கேட்கவில்லை. உங்கள் தலைப்பைத்தான் கேட்டார்.

நானும் ஒரு காலத்தில் டி.ஜே.தான். அப்போது அந்தப் பெயர் இல்லை, மைக்செட்காரன் என்பார்கள். 1970-களின் கடைசியில் கல்யாண வீட்டு வாசலில் ஒரு மேசை, அதன் மேல் அகுஜா ஆம்ப்ளிஃபையர், ஒரு ரெக்கார்டு பிளேயர். கால்மாட்டில் தகரப் பெட்டி நிறைய இசைத்தட்டுகள். விடியக்காலை நாலரைக்கு விநாயகர் பாட்டுப் போட்டால்தான் தெரு எழும்பும். மாப்பிள்ளை கார் தெருமுனை திரும்பும்போது எது, பந்தி நடக்கும்போது எது என்று எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. பெண்ணை அனுப்பிவைக்கிற நேரத்தில் மறந்துபோய் ஒரு சோகப் பாட்டைப் போட்டு, பெண்ணின் தாய்மாமாவிடம் நான் வாங்கிய அறை இன்னும் ஞாபகம் இருக்கிறது. தட்டில் கீறல் விழுந்து முள் குதித்தால் முள் கையின் தலையில் பத்துப் பைசா வைப்போம், அந்த நெளிநெளி அலுமினியக் காசு. அதற்கும் அடங்காவிட்டால் இன்னொன்று.

எங்களிடம் இருந்தது ஒரே பிளேயர். நிமிடத்துக்கு 45 சுற்று சுழலும் தட்டு ஒரு பக்கம் ஆறேழு நிமிடம் ஓடும். முடிந்ததும் திருப்பிப்போட வேண்டும். அந்த இடைவெளியில் கூட்டம் கலையாமல் இருக்க மைக்கைப் பிடித்து, “மாப்பிள்ளை வீட்டார் எங்கிருந்தாலும் உடனே மேடைக்கு வரவும்” என்று ஏதாவது சொல்லிக்கொண்டிருப்போம்.

அதே 1970-களில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் கூல் ஹெர்க் என்பவர் இந்த இடைவெளியையே ஒழித்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு ரொம்பப் பிற்பாடுதான் தெரிந்தது. ஜமைக்காவில் பிறந்தவர். அங்கே தெருவில் பெட்டி அடுக்கிப் பாட்டுப் போடுவது நம் மைக்செட் மாதிரியே ஒரு தொழில். 1973 ஆகஸ்ட் 11 அன்று தங்கை வைத்த ஒரு விருந்தில் அவர் பாட்டுப் போட்டதைத்தான் ஹிப்ஹாப்பின் தொடக்கம் என்கிறார்கள். ஆட வந்தவர்களுக்குப் பாட்டு முழுக்க வேண்டாம், நடுவில் தாளம் மட்டும் வருகிற சில நொடிகள் போதும் என்று அவர் கண்டுகொண்டார். இரண்டு பிளேயர், ஒரே தட்டின் இரண்டு பிரதி. ஒன்றில் தாளம் முடியும்போது மற்றொன்றில் அதே தாளம் தொடங்கும். எனக்கு ஒரு பிளேயர் வாங்கவே முதலாளி மூன்று வருஷம் யோசித்தார்!

மருமகன் சென்னையிலிருந்து டெக்னிக்ஸ் எஸ்.எல்.1200 எம்.கே.2 என்ற பழைய ரெக்கார்டு பிளேயர் ஒன்று வாங்கிவந்தான். 1979-இல் வந்த மாடல். பன்னிரண்டரைக் கிலோ. இணைத்ததும் பாட்டுக்கு அடியில் ‘ம்ம்ம்’ என்று ஒரே இரைச்சல். “ஏமாந்துட்டேன் மாமா” என்று உட்கார்ந்துவிட்டான். கவிழ்த்துத் திறந்து பார்த்தால் எர்த் ஒயர் அற்றுக் கிடந்தது. ஒரு சொட்டு ஈயம், அவ்வளவுதான். இதில் பெல்ட் கிடையாது, மோட்டாரே நேராகத் தட்டைச் சுற்றுகிறது. கையால் பிடித்து விட்டால் 0.7 நொடியில் முழு வேகத்துக்கு வந்துவிடும். சுழல்தட்டின் விளிம்பில் வரிசை வரிசையாகப் புள்ளிகள். வேகம் சரியாக இருந்தால், சிவப்பு விளக்கொளியில் ஒரு வரிசை மட்டும் ஓடாமல் அப்படியே நிற்கும். அன்று ராத்திரி சாப்பிடக்கூடப் போகாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அவன் சேக்காளிகள் என் ரிப்பேர் கடைக்கு வந்துவிடுவார்கள். சிங்க் பட்டனை அழுத்தி இரண்டு பாட்டின் வேகத்தைச் சேர்ப்பவன் டி.ஜே.வா இல்லையா என்று ஒருநாள் சண்டை. இன்னொரு நாள் சரண்ஜித் சிங். மும்பை சினிமாவில் கிட்டார் வாசித்தவர். 1982-லேயே ரோலண்ட் கம்பெனியின் 808 என்ற தாளக் கருவி, 303 என்ற பேஸ் கருவி இரண்டையும் வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்துத் தட்டு போட்டார். அப்போது யாரும் சீந்தவில்லை. 2010-இல் மறுபடி வெளிவந்ததும், சிகாகோக்காரர்களின் ஆசிட் ஹவுஸ் என்ற எலெக்ட்ரானிக் நடன இசையை அவர்களுக்கு முன்பே செய்தவர் இவர்தான் என்று ஒரு கட்சி கிளம்பிவிட்டது. தற்செயலாக அமைந்தது என்பது எதிர்க்கட்சி. நான் முதல் கட்சி.

இன்னொரு சொல்லையும் நீங்கள் பார்க்க வேண்டும். அமெரிக்க இசைக்கலைஞர் குவின்சி ஜோன்ஸ் பற்றி ஒருமுறை எழுதியபோது ‘இசைத்தட்டுத் தயாரிப்பாளர்’ என்று போட்டிருந்தீர்கள். டீக்கடையில் ஒருவர் என்னிடம், “தட்டு ஃபாக்டரி வச்சிருந்தாராண்ணே?” என்று கேட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, நம் ஊரில் தயாரிப்பாளர் என்றால் பணம் போடுகிறவர். குவின்சி ஜோன்ஸ் செய்தது வேறு. எந்தப் பாட்டை எடுப்பது, யாரை வாசிக்க வைப்பது, பாடியதில் எது சரி, எது மறுபடி என்று ரெக்கார்டிங்கில் உட்கார்ந்து முடிவுசெய்தவர். மைக்கேல் ஜாக்சனின் மூன்று ஆல்பங்கள் அப்படித்தான் உருவாயின. தமிழ் சினிமாவில் இந்த வேலையும் பெரும்பாலும் இசையமைப்பாளர் தலையிலேயே விழுவதால் நமக்குத் தனிச் சொல் தேவைப்படவில்லை. நல்ல சொல் கிடைக்கும்வரை புரொட்யூசர் என்றே எழுதிவிட்டுப் போங்கள்.

ஸ்பீக்கரைப் பறித்தால் ஸ்பீக்கர் என்றே போடுங்கள். அந்த மண்டப மேலாளர் தினமும் உங்கள் பத்திரிகைதான் படிக்கிறார். இந்தக் கடிதம் அச்சில் வந்தால் வெட்டி எடுத்துக்கொண்டு அவரைப் போய்ப் பார்க்கலாம் என்று இருக்கிறோம். அடுத்த முகூர்த்தத்துக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு பழைய மைக்செட்காரன்,
ராஜபாளையம்.