வாடிக்கையாளர்களுக்கு: நம் குளத்து மீன்கள் கம்பியை முட்டுவது எதற்காக?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் அந்த வீடியோ உங்களுக்கும் வந்திருக்கும். நம் பண்ணைக் குளம்தான் அது. தண்ணீரில் தொங்கும் கம்பியை ஜிலேபி மீன்கள் வந்து வந்து முட்டுகின்றன. கீழே, ‘பட்டினி போட்டு வளர்க்கிறார்கள், பசி தாங்காமல் இரும்பைக் கடிக்கிறது’ என்றும், ‘தீவனம் போட்ட ஆளை விரட்டிவிட்டார்கள்’ என்றும் எழுதியிருக்கிறார்கள். மீன் வாங்க வந்த சிலர் தயங்கித் தயங்கி இதைக் கேட்டார்கள். கேட்காமல் திரும்பிப் போனவர்களும் உண்டு.

பட்டினி என்ற அந்தச் சொல்லைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை. கம்பிக்கு மேலே இருக்கும் டிரம்மை வீடியோவில் காட்டவே இல்லை. அதில் தினமும் காலையில் தீவனத்தை எடை போட்டு நிரப்புகிறோம். கம்பியை மீன் முட்டினால் கொஞ்சம் தீவனம் கொட்டும், அவ்வளவுதான். மின்சாரம் கிடையாது. எப்போது சாப்பிடுவது என்பதை மீனே முடிவு செய்கிறது. வயிறு நிறைந்தால் முட்டுவதை நிறுத்திவிடும். மூட்டமான நாளில் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், மீனும் குறைவாகத்தான் சாப்பிடும். அன்றைக்கு டிரம்மில் தீவனம் மிஞ்சும். கையால் வீசினால் அந்த மிச்சம் குளத்தில் அழுகி, அம்மோனியா ஏறி, மீனுக்குத்தான் கேடு.

யாரும் இதை மீனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. முதலில் தற்செயலாகக் கம்பியில் இடித்திருக்கும், தீவனம் விழுந்திருக்கும், அப்படியே பிடித்துக்கொண்டது. எல்லா மீனும் முட்டுவதும் இல்லை. டிரவுட் மீனிலும் ஐரோப்பியக் கடல் கொடுவாயிலும் செய்த ஆய்வுகளில், கூட்டத்தில் ஒரு சில மீன்களே பெரும்பாலும் கம்பியை இயக்கின, மற்றவை விழுந்ததைச் சாப்பிட்டன. வீடியோவில் ஒரே மீன் திரும்பத் திரும்ப முட்டுவது போலத் தெரிவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். 2014இல் வெளியான ஓர் ஆய்வில் காட் மீன்கள் சில, அடையாளத்துக்காக முதுகில் குத்தியிருந்த சின்னப் பாசிமணியைக் கயிற்றில் மாட்டி இழுத்துத் தீவனம் வரவைக்கப் பழகியிருந்தன. வாயால் இழுக்கும் வழி இருந்தும் இப்படி! அவ்வளவு கெட்டிக்கார உயிரை ‘பசியில் பைத்தியம் பிடித்தது’ என்று எழுதினால் மனது வலிக்காதா?

இது புதுமையும் இல்லை. ஆந்திராவில் கொல்லேறு ஏரிப் பக்கம் ஓட்டை போட்ட பைகளில் தவிட்டை நிரப்பி, மூங்கிலில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். கட்லாவும் ரோகுவும் பையைத் தேடி வந்து தின்னும்.

‘ஆளை விரட்டிவிட்டார்கள்’ என்பதும் பொய். தீவனம் வீசிக்கொண்டிருந்த பெரியவர் வயதாகிவிட்டதால் சொந்த ஊருக்குப் போனார். அப்புறம்தான் டிரம் வைத்தோம்.

முதல் அறுவடையிலிருந்து வருபவர்களுக்கும், ஊரடங்கில் வாசலில் வரிசையில் நின்று வாங்கியவர்களுக்கும், இந்த வாரம் அந்த வீடியோவை எங்களுக்கே அனுப்பி ‘விளக்கம் கொடுங்கள்’ என்று சொன்னவர்களுக்கும் மனமார்ந்த நன்றி. உங்களால்தான் இந்தப் பண்ணை நிற்கிறது. தீவன விலை ஏறியதால் அடுத்த மாதம் முதல் கிலோவுக்கு 20 ரூபாய் கூடும். மீனை வெட்டிச் சுத்தம் செய்து தருவதற்கு வழக்கம்போலக் காசு இல்லை.

காலை 7 மணிக்கு டிரம் நிரப்புகிறோம். குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு கரைக்கு வாருங்கள். கம்பியை எந்த மீன் முட்டுகிறது, எப்போது நிறுத்துகிறது என்று நீங்களே பாருங்கள். வீடியோவும் எடுத்துக்கொள்ளுங்கள், டிரம்மையும் சேர்த்து.

அன்புடன்,
பண்ணை உரிமையாளர்