எங்கள் பணிநேரத்துக்கு ஓர் எண்ணை விதியில் எழுதுங்கள்

தேசிய மருத்துவ ஆணையத்தின் முதுநிலை மருத்துவக் கல்வி வாரியத்தாருக்கு,

வணக்கம். தமிழகத்தின் தென் மாவட்டம் ஒன்றில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரியில் பொது மருத்துவம் முதுநிலை படிக்கிறேன். நீட் எழுதி, ஐந்தரை ஆண்டுகளில் எம்.பி.பி.எஸ். முடித்து, மறுபடியும் நீட் எழுதி இந்த இடத்துக்கு வந்தவள். பாடம் கடினம் என்று முறையிட இதை எழுதவில்லை. மருத்துவப் பாடம் கடினமாகத்தான் இருக்க வேண்டும். நான் கேட்பதெல்லாம் தூக்கம்.

மத்திய அரசு 1992 ஜூன் 5 அன்று வெளியிட்ட உறைவிட மருத்துவர்களுக்கான (எங்களைப் போலப் படித்துக்கொண்டே மருத்துவமனையில் பணிபுரிபவர்களுக்கான) ஆணையில், தொடர்ச்சியான பணி ஒரு நாளில் சாதாரணமாக 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, வாரம் ஒரு நாள் ஓய்வு உண்டு என்று இருக்கிறது. அப்போது நான் பிறந்திருக்கவே இல்லை. 2023இல் நீங்கள் கொண்டுவந்த முதுநிலை விதிமுறைகளில் அந்த 12ஐக் காணவில்லை. நியாயமான பணிநேரம், நியாயமான ஓய்வு என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். எவ்வளவு நேரம் நியாயம் என்பதை அன்றைய நோயாளிக் கூட்டமும், எங்கள் மருத்துவர் குழுவான யூனிட்டின் தலைவருடைய மனநிலையும் தீர்மானிக்கின்றன.

அட்மிஷன் நாள் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். நீங்களும் அதைக் கடந்து வந்தவர்கள்தான். ஆனாலும் சொல்கிறேன். காலை எட்டு மணியிலிருந்து மறுநாள் காலை எட்டு மணிவரை வரும் நோயாளிகள் அனைவரும் எங்கள் யூனிட்டின் பொறுப்பு. பகலெல்லாம் காய்ச்சல், மூச்சுத் திணறல், பக்கவாதம். இருட்டிய பிறகு பூச்சிமருந்து குடித்தவர்களையும் பாம்பு கடித்தவர்களையும் கொண்டுவருவார்கள். பூச்சிமருந்து குடித்தவருக்கு அட்ரோபின் என்ற முறிவு மருந்தைப் போட வேண்டும். சில நிமிடங்களுக்கு ஒரு முறை நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டு, நுரையீரலில் நீர் கொப்பளிக்கும் ஓசை அடங்கும்வரை மருந்தை இரட்டித்துக்கொண்டே போக வேண்டும். குறைந்தால் மூச்சு நின்றுவிடும். கூடினால் நோயாளி பிதற்றுவார், உடல் கொதிக்கும். பாம்புக் கடி என்றால் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் ஓடினால் உடனே விஷமுறிவு மருந்து. இந்த இரண்டு கட்டில்களுக்கும் நடுவே விடியற்காலை மூன்று மணிக்கு ஓடிக்கொண்டிருப்பவர்கள் பெரும்பாலும் ஒரு முதலாண்டு முதுநிலை மாணவரும் ஹவுஸ் சர்ஜன் எனப்படும் ஒரு பயிற்சி மருத்துவரும்தான்.

காலை எட்டு மணிக்கு அட்மிஷன் அடுத்த யூனிட்டுக்கு மாறும். நாங்கள் கிளம்ப முடியாது. ரவுண்ட்ஸ் இருக்கிறது. நோயாளியை ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும், டிஸ்சார்ஜ் எழுத வேண்டும், காப்பீட்டுத் திட்டப் படிவங்களை நிரப்ப வேண்டும், அதன் பின் வகுப்பு. விடுதிக்குத் திரும்பும்போது முப்பது மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். கடைசி மணி நேரத்திலும் ஒரு நோயாளிக்கு இன்சுலின் அளவை எழுதுகிறேன். பக்கத்தில் நிற்கும் அவருடைய மகனுக்கு, நான் முந்தைய நாள் காலையிலிருந்து கண்ணை மூடவில்லை என்பது தெரியாது. தெரிந்தால் என்னை எழுத விடுவாரா?

கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரியில் 2024 ஆகஸ்ட் 9 அன்று கொல்லப்பட்ட மருத்துவர், நீண்ட பணிக்கு நடுவே சற்றுப் படுக்கக் கருத்தரங்கு அறைக்குத்தான் போக வேண்டியிருந்தது. அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் உறைவிட மருத்துவர்களின் மனிதத்தன்மையற்ற பணிநேரம் பற்றிக் கவலை தெரிவித்தது. அதே ஆண்டில், மருத்துவ மாணவர்களின் மனநலம் பற்றி ஆராய நீங்களே அமைத்த பணிக்குழு, வாரம் 74 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்க வேண்டாம், வார விடுப்பு கட்டாயம் என்று பரிந்துரைத்தது. குழுவின் கணக்கெடுப்பில் பதிலளித்த முதுநிலை மாணவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தங்களுக்கு வார விடுப்பே இல்லை என்றார்கள். அந்தப் பரிந்துரை எங்கள் வார்டுவரை வந்து சேரவில்லை. ஐந்தாண்டுகளில் 122 மருத்துவ மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள் என்றும், அவர்களில் 58 பேர் முதுநிலை மாணவர்கள் என்றும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பதில் தந்தது உங்கள் ஆணையம். எம்.பி.பி.எஸ். மாணவர்களைவிட எங்கள் எண்ணிக்கை மிகக் குறைவு என்பதை நினைவில் வைத்து அந்த 58ஐப் பாருங்கள்.

'நாங்களெல்லாம் இப்படித்தான் படித்தோம்' என்கிறார்கள் மூத்தவர்கள். அவர்கள் பட்ட பாட்டை நான் மதிக்கிறேன். ஆனால் அது எங்களையும் படுத்துவதற்குக் காரணம் ஆகாது. நியூயார்க்கில் 1984இல் லிபி சயன் என்ற 18 வயதுப் பெண் மருத்துவமனையில் இறந்தபோது, அவரைக் கவனித்த இளம் மருத்துவர்கள் எத்தனை மணி நேரம் வேலை பார்த்தார்கள் என்ற கேள்வி எழுந்தது. 1989இல் அந்த மாநிலம் வாரத்துக்கு 80 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. மகளை இழந்த தந்தை விடாமல் போராடியதால் வந்த வரம்பு அது. இங்கே யாருடைய மகள் சாகும்வரை காத்திருக்கப் போகிறோம்?

விதிமுறையில் எண்ணை எழுதுங்கள். உங்கள் பணிக்குழு சொன்ன 74 ஆனாலும் சரி. இரவுப் பணி முடித்தவர் மறுநாள் காலை நோயாளிகளை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போகலாம் என்று எழுதுங்கள். ஆசிரியர்களின் வருகையை ஆதார் வழியே நேரடியாகக் கண்காணிக்கும் உங்களால், ஒரு மாணவர் எப்போது வார்டுக்குள் போனார், எப்போது வெளியே வந்தார் என்பதையும் பதிவுசெய்ய முடியும். அந்தப் பதிவைப் பார்க்காமல் எந்தக் கல்லூரிக்கும் கூடுதல் இடம் கொடுக்காதீர்கள்.

புகார்களைத் துறைத் தலைவரின் கை வழியாக அனுப்பவும் சொல்லாதீர்கள். எங்கள் ஆய்வேட்டில் கையெழுத்திட வேண்டியவரும், தேர்வுக்கு அனுப்ப வேண்டியவரும் அவரே. இந்த மடலில் பெயர் இல்லாததற்கும் அதுவே காரணம். ஆய்வேடு ஏற்கப்பட்டதும் இதே மடலைப் பெயரோடும் பதிவெண்ணோடும் மறுபடி அனுப்புவேன்.

இப்படிக்கு,
பொது மருத்துவ முதுநிலை மாணவி ஒருவர்