சர்க்கரை நோயாளியின் வாயையும் பாருங்கள்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியது முதல் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வீட்டு வாசலுக்கே வருகின்றன. அந்த வாசல்வரை செல்பவர்கள் நோயாளியின் வாயைப் பற்றியும் விசாரிக்க வேண்டும் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

பல் மருத்துவராகிய என்னிடம் வரும் சர்க்கரை நோயாளிகளில் முதியவர்கள் பலரும் சொல்வது, வாய் எரிகிறது, காரம் தாங்கவில்லை, சோறு ருசிக்கவில்லை என்பதுதான். வாயோரம் வெடித்திருந்தால் சத்துக் குறைவு என்றெண்ணி பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை வாங்கிப் போட்டிருப்பார்கள். மேல் பல்செட்டைக் கழற்றச் சொல்லிப் பார்த்தால், அது படிந்த இடம் முழுவதும் அச்சு எடுத்தாற்போலச் சிவந்திருக்கும். கேண்டிடா என்னும் பூஞ்சையின் வேலை அது. பெரும்பாலும் வலி இல்லாததால் அவர்களுக்கே தெரிந்திருக்காது.

இந்தப் பூஞ்சை நலமாக இருப்பவர்கள் பலரது வாயிலும் அடங்கிக் கிடப்பதுதான். அதை அடக்கி வைத்திருப்பதில் எச்சிலுக்குப் பெரும் பங்குண்டு. எச்சிலில் உள்ள ஹிஸ்டாட்டின் என்னும் சிறு புரதம் பூஞ்சையைக் கொல்கிறது. லாக்டோஃபெரின் அதற்கு வேண்டிய இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. இம்யூனோகுளோபுலின் ஏ என்னும் எதிர்ப்புரதம் பூஞ்சையை வாயின் உட்தோலில் ஒட்டவிடாமல் தடுக்கிறது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோது எச்சில் குறைந்து, இருக்கும் எச்சிலிலும் குளுக்கோஸ் கூடி, பூஞ்சையை விழுங்கி அழிக்க வேண்டிய வெள்ளணுக்களும் வலுவிழக்கின்றன. கால் எரிச்சலுக்காகத் தரப்படும் அமிட்ரிப்டைலின் போன்ற மாத்திரைகள் வாயை இன்னும் உலர்த்துகின்றன.

எச்சில் பரிசோதனைக்கு ஆய்வகம் கேட்கவில்லை. சர்க்கரை நோயாளிகளின் எச்சிலில் இம்யூனோகுளோபுலின் ஏ சில ஆய்வுகளில் கூடியும் சிலவற்றில் குறைந்தும் காணப்பட்டிருப்பதால், அந்த அளவை வைத்துச் சிகிச்சையை முடிவு செய்ய இயலாது. ஒரு டார்ச் போதும். வாய் உலர்கிறதா, எரிகிறதா, இரவில் பல்செட்டைக் கழற்றி வைக்கிறீர்களா என்று தன்னார்வலர்கள் கேட்கட்டும். முதல் இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றோ, பல்செட்டைக் கழற்றுவதில்லை என்றோ சொல்பவர்களின் வாயை ஆரம்ப சுகாதார நிலையத்தில் பல்செட் இல்லாமல் பார்க்கட்டும்.

சிகிச்சையில் ஒன்றை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். பூஞ்சைக்குத் தரப்படும் ஃப்ளூகோனசோல் மாத்திரையானது கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு ஆகிய சர்க்கரை மாத்திரைகளின் வீரியத்தைக் கூட்டிவிடும். வாய் எரிச்சலால் ஏற்கெனவே அரை வயிறு உண்ணும் முதியவருக்கு இதனால் சர்க்கரை அபாயகரமாக இறங்கக்கூடும். ஆகவே பெரும்பாலானவர்களுக்குப் போதுமான கிளோட்ரிமசோல் வாய்ப்பூச்சும் நிஸ்டாட்டின் சொட்டு மருந்தும் எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும்.

பல்செட்டிலேயே பூஞ்சை படிந்திருப்பதால், வாய்க்கு மட்டும் மருந்திட்டால் தொற்று திரும்பி வரும். பல்செட் அணிந்தவர்களுக்கு மாத்திரையோடு மூடி போட்ட டப்பா ஒன்றும் கொடுத்து, இரவில் பல்செட்டைத் தேய்த்துக் கழுவி அதில் தண்ணீரில் போட்டு வைக்கச் சொல்லித்தர ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பல் மருத்துவர்