சொன்னது வெளியே போகாது என்ற உறுதி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உளவியல் சிகிச்சை என்றாலே இளைஞர்கள் வெட்கப்பட்டு ஒதுங்குகிறார்கள் என்று பெரியவர்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். காட்பாடிப் பகுதிக் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்தும் நான் காண்பது வேறு. மனச்சோர்வு, பதற்றம் என்று தங்கள் நிலையைத் தாங்களே சொல்லும் தெளிவு மாணவர்களிடம் இருக்கிறது. ஆலோசகரிடம் பேசியது துறைத்தலைவருக்கும், அங்கிருந்து வீட்டுக்கும் போய்விடுமோ என்ற அச்சமே அவர்களைத் தடுக்கிறது. பெண்களுக்கு, வரன் பார்க்கும் நேரத்தில் இது தெரிந்தால் என்னாகும் என்ற கவலையும் சேர்ந்துகொள்கிறது.

இந்த அச்சத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. சில கல்லூரிகளில் ஆலோசகர் பொறுப்பு, ஏற்கெனவே வகுப்பெடுக்கும் ஓர் ஆசிரியருக்குக் கூடுதல் பணியாகத் தரப்படுகிறது. தனக்கு அகமதிப்பீட்டு மதிப்பெண் போடுகிறவரிடமே, தூக்கம் வரவில்லை, சாக வேண்டும்போல் இருக்கிறது என்று எந்த மாணவன் மனம் திறப்பான்? அந்த அறை முதல்வர் அலுவலகத்தை ஒட்டி இருந்துவிட்டால், உள்ளே போகிறவரை எல்லோரும் பார்க்கிறார்கள்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பெறுபவரின் விவரங்களை ரகசியமாகக் காக்கும் கடமையை விதிக்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில சூழல்களில் மட்டுமே விலக்கு உண்டு. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் கல்வி நிறுவனங்கள் பயிற்சி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றமும் 2025 ஜூலையில் நெறிமுறை வகுத்தது. இவ்விரண்டையும் மாணவர்கள் அறிந்திருக்கிறார்களா என்று கேட்டால், பெரும்பாலோர் அறியவில்லை என்பதே என் அனுபவம்.

சிகிச்சை தரும் இடங்களுக்கு வேலூரில் குறைவில்லை. பாகாயத்தில் சி.எம்.சி. எனப்படும் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் பல பத்தாண்டுகளாக இயங்குகிறது. அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஆனால் புறநோயாளிப் பிரிவு பகலில்தான் நடக்கிறது. உளவியல் சிகிச்சையோ ஒரே நாளில் முடிவதன்று. வாரந்தோறும் வர வேண்டியிருக்கும். ஆம்பூர், இராணிப்பேட்டை தோல், காலணித் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் இளம்பெண் ஒவ்வொரு முறையும் ஒரு நாள் சம்பளத்தை இழந்துதான் வர முடியும். அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம் என்பது அவர்களுக்குப் பெரும் உதவி. அந்த எண்ணைத் தொழிற்சாலை வாயில்களிலும் விடுதிகளிலும் எழுதிவைக்க வேண்டும்.

மாவட்ட நிர்வாகம் கல்லூரிகளைக் கூட்டி, ஆலோசகர் பாடமோ தேர்வோ நடத்தாதவராக இருக்க வேண்டும் என்பதையும், மாணவர் கூறியதை யாரிடம், எந்தச் சூழலில் மட்டும் தெரிவிப்பார் என்பதை முதல் சந்திப்பிலேயே எழுத்தில் தர வேண்டும் என்பதையும் இக்கல்வியாண்டிலேயே நடைமுறைப்படுத்தக் கோருகிறேன்.

இப்படிக்கு,
கல்லூரி ஆசிரியர் ஒருவர்,
காட்பாடி.