ஷான் லெமாஸுக்கு ஒரு வரி போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அயர்லாந்தின் தலைவர்களைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவரும் தொடரில், முன்னாள் பிரதமர் டி வலேரா குறித்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். 1937 அரசியல் சட்டம் உருவான விதத்தை விளக்கிய பகுதி மிகச் சிறப்பு. ஆனால், அவருக்குப் பின் 1959-இல் பிரதமரான ஷான் லெமாஸை 'திறமையான நிர்வாகி' என்று ஒரே வரியில் கடந்து சென்றிருப்பது வருத்தம் அளிக்கிறது. அந்த அடைமொழி பொய்யன்று. அந்த மனிதரின் வாழ்க்கைக்கு அது எவ்விதத்திலும் போதாது.

1899-இல் பிறந்த லெமாஸின் குடும்பம் டப்ளின் கேப்பல் தெருவில் தொப்பிக் கடை வைத்திருந்தது. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 ஈஸ்டர் எழுச்சி டப்ளினில் தொடங்கிய திங்கட்கிழமையன்று, பதினாறு வயதான அவரும் அண்ணன் நோயலும் நகருக்கு வெளியே மலைப்பக்கம் நடந்துவரப் போயிருந்தார்கள். வழியில் எதிர்ப்பட்ட பேராசிரியர் ஓவன் மக்நீல் சொல்லித்தான் சண்டை மூண்ட செய்தியே அவர்களுக்குத் தெரிந்தது. மறுநாள், போராளிகள் கைப்பற்றியிருந்த தலைமை அஞ்சலகத்துக்குச் சென்று அவர்களோடு சேர்ந்த ஷான், அதன் கூரையில் துப்பாக்கியோடு நின்றார். சரணடைந்த பிறகு, வயதைக் கருதி அவரை விடுவித்துவிட்டனர்.

அயர்லாந்துக்கு முழு விடுதலை தராத, பிரிட்டனுடனான 1921 ஒப்பந்தத்தை ஏற்க மறுத்து, அதையொட்டி மூண்ட உள்நாட்டுப் போரில் தோற்ற தரப்பில் நின்று சிறைப்பட்டார். போர் ஓய்ந்த பின்னர், 1923 ஜூலையில், நோயல் பட்டப்பகலில் கடத்தப்பட்டார். அக்டோபரில் டப்ளின் மலைப்பகுதியில் அவருடைய சடலம் கண்டெடுக்கப்பட்டது. கடத்தியவர்கள் அந்த ஒப்பந்தத்தால் அமைந்த புதிய அரசின் ஆட்களே என்று பரவலாக நம்பப்பட்டபோதிலும் எவரும் தண்டிக்கப்படவில்லை. இந்தக் கொடுமையைப் பற்றிப் பொதுவெளியில் மிக அரிதாகவே வாய் திறந்த லெமாஸ், மறு ஆண்டே இடைத்தேர்தலில் வென்று, 1926-இல் டி வலேராவோடு சேர்ந்து ஃபியன்னா ஃபால் கட்சியை ஊர் ஊராகச் சென்று கட்டியெழுப்பினார். எந்தப் பெரிய உரையைக் காட்டிலும் அந்த மௌனம்தான் அவரை எனக்கு உயர்த்திக் காட்டுகிறது.

1932-இல் தொழில், வணிக அமைச்சரானபோது அவருக்கு 32 வயது. இறக்குமதிக்குக் கடும் சுங்க வரி விதித்து, தொழிற்சாலைகளின் உடைமை அயர்லாந்துக்காரர்களிடமே இருக்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்து, உள்நாட்டுத் தொழிலைக் காத்தவர் அவர்தான். ஆனால் 1950-களில் அந்தச் சின்னஞ்சிறு நாட்டிலிருந்து நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பிழைப்புத் தேடி வெளியேறிய நிலையில், நிதித்துறைச் செயலர் விட்டேக்கரின் 1958 அறிக்கை காட்டிய வழியில், தாம் எழுப்பிய சுவரைத் தாமே தகர்க்க முன்வந்தார். இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர 1961-இல் விண்ணப்பித்தார். பிரிட்டன் நுழைவதை பிரெஞ்சு அதிபர் டி கால் தடுத்ததால் அயர்லாந்தின் முயற்சியும் நின்றுபோனது. அப்படியிருந்தும் சுங்க வரிகளைப் படிப்படியாகக் குறைத்து, 1965 டிசம்பரில் பிரிட்டனோடு தடையற்ற வணிக ஒப்பந்தம் செய்துகொண்டார். முப்பது ஆண்டுகள் தம் பெயரோடு ஒட்டியிருந்த கொள்கையை, ஆட்சியில் இருக்கும்போதே இவ்வாறு கைவிட்டவர்கள் மிகச் சிலரே.

அதே ஆண்டு ஜனவரி 14 அன்று, பிரிட்டனின் பகுதியாக இருக்கும் வட அயர்லாந்தின் பிரதமர் டெரன்ஸ் ஓ'நீலைச் சந்திக்க அவர் பெல்ஃபாஸ்டுக்குச் சென்றதைக் கட்டுரை குறிப்பிடவே இல்லை. டப்ளின் அரசின் தலைவர் எவரும் அதற்கு முன் வட அயர்லாந்து அரசின் இருப்பிடமான ஸ்டார்மான்ட்டில் கால் வைத்ததில்லை. இதனால் தமக்குப் பெரிய சிக்கல் வரப்போகிறது என்று லெமாஸ் சொல்ல, சிக்கல் வரப்போவது தமக்குத்தான் என்று ஓ'நீல் பதிலளித்ததாக அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். அதுவே நடந்தது; ஓ'நீல் 1969-இல் பதவி விலக நேர்ந்தது.

லெமாஸ் 1966-இல் தாமாகவே பதவி விலகி, 1971-இல் காலமானார். அயர்லாந்து ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்த 1973-ஐக் காண அவர் இல்லை. தொடர் முடிவதற்குள் அவருக்கென ஒரு முழுக் கட்டுரையை ஒதுக்குமாறும், அதில் ஸ்டார்மான்ட் சந்திப்பை விரிவாக எழுதுமாறும் தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி